ஐஸ் பெக்டரிப் பங்குக்கு அண்ணன் கொடுத்த விலை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. படுவான்கரையில் இருந்து உடுத்த சாரனோடு தோணி ஏறி வாவியைக் கடந்து வந்தவன், இன்றைக்கு மூன்று ஆழ்கடல் படகுக்கும் இரண்டு குளிர் லொறிக்கும் சொந்தக்காரன். வங்கிக்குப் போனால் மனேஜர் எழும்பி நின்று கதிரையை இழுத்துப் போடுகிறார். பட்டம் படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதெல்லாம் யாரும் தூக்கித் தந்ததல்ல.

நான் வாங்கிய எந்தச் சாமானுடைய விலையும் என் தலைக்குள் இருக்கிறது. முதல் வலை, முதல் தராசு, மனிசிக்குச் செய்வித்த முதல் சங்கிலி, இந்த வீட்டு வாசல் கதவு. எதைக் கேட்டாலும் சொல்வேன். யாரிடம் வாங்கினேன், எவ்வளவு குறைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அப்படிப்பட்ட என்னை மட்டக்களப்பு டவுனில் ஒரு கணக்காளர் பிள்ளை, என் பேத்தி வயது இருக்கும், ஒரே கேள்வியில் மடக்கிப் போட்டாள்.

விசயம் இதுதான். வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பெக்டரி இருந்தது. மீன் லொறிக்காரர் சில பேர் சேர்ந்து கம்பனியாகத் தொடங்கினார்கள். என்னுடைய அண்ணன் தொடக்கத்தில் இருந்தே அங்கே மெசின் ஓட்டினவர். பெக்டரி மூடிக் கன காலம். ஆனால் கம்பனி சாகவில்லை, அதனுடைய காணி சாகவில்லை. அண்ணனிடம் அந்தக் கம்பனியில் பங்கு இருந்தது. கலியாணம் முடிக்காத மனிதர், என் வீட்டிலேயே இருந்து இரண்டு வருசத்துக்கு முன்னம் கண்ணை மூடினார். பங்கை எனக்கு எழுதி வைத்திருந்தார். இப்போது அந்தக் காணியில் ஹோட்டல் கட்ட வெளியூர் ஆட்கள் வந்து எல்லாப் பங்கையும் கேட்டார்கள். நான் விலை பேசி, அவர்கள் கேட்ட விலைக்கு மேலே ஏற்றி, விற்றேன். விற்றால் ஆதாய வரி காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பிள்ளையிடம் போனேன்.

அவள் கொம்பியூட்டரில் எதையோ தட்டிவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, இந்தப் பங்கை அண்ணர் என்ன விலைக்கு எடுத்தவர்?"

"எனக்கு அது சும்மா வந்தது மகள். பிறகென்ன விலை?"

"உங்களுக்குச் சும்மாதான். சட்டம் அப்படிப் பார்க்காது. செத்தவருக்கு என்ன விலையோ அதுதான் உங்களுக்கும் விலை. வித்த காசில அதைக் கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. விலையே தெரியாட்டி வந்த காசு முழுக்க லாபம் எண்டு ஆகிரும்."

"அவர் என்ன குடுத்தார் எண்டு எனக்குத் தெரியாதே."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

"அவருக்குத்தான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "சரி, கேட்டுச் சொல்றன்" என்று எழும்பினேன். சொந்தக்காரரிடம் விசாரிக்கப் போகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிற மாதம். வாவித் தண்ணீர் வெள்ளைத் தகடு போலக் கண்ணைக் குத்தியது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அப்போது தெற்குப் பக்கத்து அறைக்குள் இருந்து அது வந்தது.

முதலில் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற மாதிரி மெல்லிய ஒரு ஊதல். பிறகு நெஞ்சுக்குள் சளி உருளுகிற கரகரப்பு. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு திரும்பவும் ஊதல்.

அண்ணனுக்கு முட்டு வருத்தம் இருந்தது. மூச்சிழுப்பு. பீடி சுருட்டுப் பக்கமே போகாதவர், ஆனாலும் இளந்தாரியாக இருக்கும்போதே நெஞ்சு ஊதத் தொடங்கிவிட்டது. குளிருக்குள் வேலை செய்கிறவர், அதுதான் என்று எல்லாரும் சொன்னோம். அவரும் ஓம் என்றார். அந்த இழுப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து எத்தனையோ வருசம் கேட்டவன் நான். நூறு பேருடைய இழுப்புக்குள் அதைப் பிரித்தெடுப்பேன்.

எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். அவர் செத்த பிறகு அந்த அறையில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். மூட்டைகள் இருந்தன. வேறொன்றும் இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. ஆனால் என் கண் எரிந்தது. மூக்குக்குள் ஊசி போல ஒரு மணம் ஏறியது. ஐஸ் பெக்டரியில் குளிர் ஏற்றுகிற அமோனியாவின் மணம் தெரிந்தவனுக்கு அது மறக்காது.

மனிசி பின்னால் வந்து நின்றாள்.

"என்ன, மூட்டைக்கு முன்னால நிண்டு கண்ணீர் விடுறீங்க? அரிசி விலை குறைஞ்சிற்றா?"

"எலிச் சத்தம் கேட்டது."

"எலிக்கு அழுற மனிசனை இண்டைக்குத்தான் காணுறன்."

அப்படி நையாண்டி பண்ணினவள் அடுத்த நாளில் இருந்து மத்தியான நித்திரையை முன்வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். காற்று நல்லா வருகிறது என்றாள். அந்தக் காற்றில் பப்படம் பொரிக்கலாம்.

ஒவ்வொரு நாளும் வந்தது. சாப்பாட்டுக் கோப்பை கழுவி முடிந்து வீடு அடங்கினால் ஊதல் தொடங்கும். நான் பயந்தவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புயலுக்குள் படகு கொண்டு வந்தவன் நான். வெடிச் சத்தத்துக்குள் மீன் ஏற்றிக்கொண்டு போனவன். இருந்தும் அந்த நிறுத்தம் இருக்கிறதே, ஊதலுக்கும் ஊதலுக்கும் நடுவில், அதற்குள் என் மூச்சும் சேர்ந்து நின்றது. அவர் விட்டால்தான் எனக்கும் விட முடிந்தது.

வியாபாரி எதையும் வியாபாரமாகத்தான் விளங்கிக்கொள்வான். நான் இப்படி விளங்கிக்கொண்டேன். அவருடைய சாமானை நான் விற்றுவிட்டேன், அது அவருக்கு என்ன விலை என்று தெரியாமல் விற்றுவிட்டேன். என் சாமானை ஒருவன் அப்படி விற்றால் நானும் எழும்பித்தான் வருவேன். சரியான விலையைக் கண்டுபிடித்துச் சொன்னால் போய்விடுவார். பிழையான விலையை எழுதிக் கையெழுத்து வைத்தால், நான் இருக்கிற காலம் முழுக்க அந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு கிடப்பார். எனக்கு வரி பெரிதில்லை. கட்டக் காசு இருக்கிறது. அவர் அப்படிக் கிடக்கக் கூடாது.

அவருக்குத்தான் தெரியும் என்றால் அவரிடமே கேட்பதுதான் நேர் வழி. எங்கள் பக்கத்தில் கட்டுச் சொல்லுகிற பெண்கள் இருக்கிறார்கள். செத்தவருடைய உடுப்பு ஒன்றைக் கொண்டுபோனால் அவரை அழைத்துப் பேச வைப்பார்கள். களவு போன மாடு, புதைத்து வைத்த நகை, முடிக்காத பேச்சு எல்லாவற்றுக்கும் ஆட்கள் அவர்களிடம் போவது வழக்கம். வரிக்காக ஒருவரும் போனதில்லை. முதலில் போனவன் நான்தான்.

அண்ணனுடைய பழைய சேர்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாவியைக் கடக்கிற பாதையில், அந்த மிதவைப் படகை இங்கே அப்படித்தான் சொல்வோம், என் வான் வண்டியையும் ஏற்றி மண்டூர்ப் பக்கம் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். போனபோது தையல் மெசினில் பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். "இதை முடிச்சிட்டு வாறன் ஐயா, நாளைக்குக் குடுக்க வேணும்" என்றாள். முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு சுளகில் அரிசியைப் பரப்பி, சேர்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, விளக்கேற்றி இருந்தாள்.

முதலில் கொட்டாவி விட்டாள். ஒன்று, இன்னொன்று, தாடை கழன்றுவிடும் போல ஒன்று. அரிசியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பிறகு தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியது. அண்ணன் அப்படித்தான் மூச்சுக்குத் தோளைத் தூக்குவார். அந்தப் பெண் அவரை உயிரோடு கண்டதில்லை.

ஊதல் தொடங்கியது. அவளுடைய நெஞ்சுக்குள் இருந்து.

"அண்ணன்" என்றேன். குரல் எனக்கே குழந்தைக் குரலாகக் கேட்டது. "அந்தப் பெக்டரிச் செயார் உங்களுக்கு என்ன விலைக்கு வந்தது?"

இழுத்தார். அவ்வளவுதான். அவளுடைய உதடு நாவற்பழம் தின்றது போல நிறம் மாறியது.

"ரூபாயில சொல்லுங்க அண்ணன். வரிக்காரருக்குக் குடுக்க வேணும்."

இன்னும் பலமாக இழுத்தார். சுளகில் கிடந்த அரிசி அந்த மூச்சுக்கு அசைந்தது. உள்ளே இழுக்கும்போது அவள் பக்கம் நகர்ந்தது, விடும்போது என் பக்கம் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு அந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அசையவில்லை. அரிசி மட்டும் அசைந்தது.

பிறகு அவள் முன்னால் விழுந்து, தரையில் கையூன்றி எழும்பித் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"சொல்லிட்டார்."

"என்ன சொன்னார்? இழுத்தார், அவ்வளவுதானே. நான் விலையெல்லோ கேட்டனான்."

"நீங்க கேட்டீங்க, அவர் சொல்லிட்டார். விளங்காட்டி நான் என்ன செய்ய?" நெஞ்சைத் தடவிக்கொண்டாள். வெற்றிலையில் நான் வைத்த காசை அப்படியே என் பக்கம் தள்ளினாள். "இது வேணாம் ஐயா. இனி அவரை இஞ்ச கூட்டி வந்திராதீங்க. எனக்கு அந்த நெஞ்சு தாங்காது."

கொடுத்த காசை வேண்டாம் என்று சொன்ன ஆளை என் வாழ்க்கையில் நான் அதிகம் காணவில்லை. திரும்பி வரும்போது மிதவைப் பாதையில் வானை விட்டு இறங்காமல் இருந்தேன்.

இரண்டொரு நாளில் கணக்காளர் பிள்ளை போன் எடுத்தாள்.

"ஐயா, கேட்டீங்களா?"

"கேட்டன்."

"என்னவாம்?"

"அவர் வாய் திறக்கல்ல. இழுத்துக்கொண்டே இருந்தார்."

"ஆரு?"

"அண்ணன்."

போனுக்குள் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. படித்த பிள்ளைகளுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. விளங்காத இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

"சரி ஐயா, பரவாயில்ல. அவர் எடுத்தது பழைய காலத்திலதானே? அப்ப வேற வழி இருக்கு. சட்டத்தில ஒரு நாள் குறிச்சிருக்கு. அந்த நாளில அவர் கையில இருந்த பங்குக்கு அந்த நாள் பெறுமதிதான் விலை எண்டு எடுக்கலாம். அவர் உண்மையில என்ன குடுத்தார் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. மதிப்பீட்டாளர் ஒருத்தரைக் கூட்டிப்போய்ப் பெக்டரியைக் காட்டுங்க."

எனக்குப் பெரிய ஆறுதல். ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றால் அவரும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன்.

பங்கை வாங்கின ஆட்களிடம் சாவியைக் கேட்டெடுத்து, மதிப்பீட்டாளரைக் கூட்டிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போனேன். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். கம்பனிக் கணக்கெல்லாம் முதலே பார்த்திருந்தார். இனிக் காணியும் கட்டடமும் மெசினும் பார்க்க வேண்டும். பூட்டைத் திறக்க எண்ணெய் விட்டு அடிக்க வேண்டியிருந்தது. உள்ளே கூரைத் தகட்டு ஓட்டைகளால் வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. ஐஸ் ஊற்றி வைக்கிற தகர அச்சுகள் துருப்பிடித்து வரிசையாகக் கிடந்தன. உப்புத்தண்ணித் தொட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, காகக் கூடு ஒன்றுதான் விழுந்து கிடந்தது. மத்தியான வெயில். கூரைத் தகடு வெக்கையில் டக் டக் என்று விரிகிற சத்தம். எனக்குச் சேர்ட் முழுக்க வியர்வை.

மெசின் அறைக்குள் அவர் தனியாகப் போனார். நான் வாசலில் நின்றேன். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்காதீர்கள்.

உள்ளே நாடா இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்தார். வெயிலுக்கு வந்தவுடன் அவருடைய கண்ணாடி இரண்டும் வெள்ளையாகப் புகைந்துவிட்டது. குளிர்ப் பெட்டிக்குள் இருந்து எடுத்த போத்தலில் பிடிக்கிற அதே புகைச்சல். கழற்றித் துடைத்தார். மேலே துவாரம் விழுந்த கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கரண்ட் வெட்டின இடம் எண்டுதானே ஐயா சொன்னீங்க?"

"ஓம். வெட்டிக் கன வருசம்."

"ம்" என்றார். மிச்ச அளவை வெளியில் நின்று எடுத்தார். வழி நெடுகக் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

மதிப்பீடு வந்தது. சந்தோசப்பட வேண்டிய தொகை. அதைக் கழித்தால் லாபம் கொஞ்சம், வரியும் கொஞ்சம். வேறு ஒருவன் என்றால் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பான். நான் அந்தக் கடதாசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தபோது ஊதல் கேட்டது. இந்த முறை தெற்கு அறைக்குள் இருந்து வரவில்லை. மேசையடியில், கடதாசிக்குப் பக்கத்தில், யாரோ குனிந்து நின்று வாசிப்பது போல அந்த உயரத்தில் இருந்து வந்தது. கடதாசியின் மேல் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் அவர் வாசிப்பார். நானும் அப்படித்தான். முடியும்வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். முடிந்ததும் ஊதல் இன்னும் கூடியது. வாசலில் கிடந்த மனிசி எழும்பி முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த விலை பிழை. எனக்கு விளங்கியது. சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம், அவருக்குப் பிழை.

அந்தக் கம்பனியைத் தொடங்கினவர்களில் ஒரே ஒருவர்தான் உயிரோடு இருந்தார். காத்தான்குடி ஹாஜியார் ஒருவர். அந்த நாளில் மீன் லொறி ஓட்டினவர். இப்போது பிள்ளைகள் பெரிய புடவைக் கடை நடத்துகிறார்கள், அவர் கடைக்குப் பின்னறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு வருகிறவர் போகிறவரைப் பார்ப்பார். இனி யாரிடம் போவது? அவரிடம் போனேன்.

"வாங்க தம்பி, வாங்க. படகு முதலாளி புடவை எடுக்க வந்திரிக்கார். ஆருக்குப் புடவை, இந்த வயசில?"

"புடவைக்கு வரல்ல ஹாஜியார். ஒரு விலை கேக்க வந்தன்."

"நீங்க விலை கேக்கிறதா? ஊருக்கெல்லாம் விலை சொல்ற மனிசன்!"

பிளேன்டீ வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அறைக்குள் கேட்கிற சத்தத்தை மட்டும் விட்டுவிட்டேன். பங்குக்கு அண்ணன் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சல்லி ஒரு சதமும் தரல்ல தம்பி. நாங்களும் கேக்கல்ல."

"சும்மாவா குடுத்தீங்க?"

"சும்மா குடுப்பமா? பெக்டரி தொறந்த புதிசில அமோனியாக் குழாய் வெடிச்சிட்டு. எல்லாரும் ஓடிட்டம், நானும் ஓடினன். வெளியில துறைமுகத்தில சனம் நிண்டிச்சு, பொம்புளைகள் மீன் காயப் போட்டுக்கொண்டு நிண்டாங்க. உங்கட அண்ணன் சாரனை நனைச்சு மூஞ்சில கட்டிக்கொண்டு திரும்பி உள்ளுக்குப் போனார். வால்வைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தார். நடந்து வரல்ல, தவண்டு வந்தார்."

நான் என் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஆசுபத்திரியில டொக்டர் சொன்னார், நெஞ்சு பொசுங்கிட்டு, இனிப் பழைய மூச்சு வராதெண்டு. எங்களுக்கிட்ட அப்ப குடுக்கச் சல்லி இல்ல. லொறியையும் ஈடு வச்சுத்தானே அந்த மெசினை எடுத்தம். இருந்து யோசிச்சம். நெஞ்சுக்குப் பதிலாப் பங்கு எழுதினம். அதுதான் தம்பி விலை."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"நீங்க அந்த நாளையில எப்பிடி ஆள்? ஐஸ் கட்டிக்கு ரெண்டு ரூவா கூட்டினத்துக்குப் பெக்டரி வாசல்ல அச்சைத் தூக்கி எறிஞ்ச ஆள். 'என்ட தம்பிக்குத் தெரிஞ்சா உங்கட பெக்டரியைக் கொளுத்திப் போடுவான், அவனும் மறியல்ல கம்பி எண்ணுவான், சொல்லிராதீங்க' எண்டு எங்கட கையைப் பிடிச்சார். அந்த இழுப்போட சொன்னார். பிறகு எப்பிடிச் சொல்றது?"

கொளுத்தியிருப்பேன். அதில் சந்தேகம் இல்லை.

வெளியே வந்து வானுக்குள் இருந்தேன். சுளகில் அரிசி போய்ப் போய் வந்தது என் கண்ணுக்கு முன்னால் நின்றது. என்ன விலை என்று கேட்டேன். அவர் விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் ரூபாயில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் டவுனுக்குப் போனேன். பிள்ளையுடைய ஒபிஸில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. படிவம் எல்லாம் நிரப்பி ஆயத்தமாக வைத்திருந்தாள். கையெழுத்துதான் மிச்சம். பேனையைத் தந்தாள். நான் வாங்கவில்லை.

"மகள், அண்ணன் குடுத்த விலை தெரிஞ்சிற்று."

"அப்படியா? துண்டு, பற்றுச்சீட்டு ஏதும் இருக்கா?"

"துண்டு இல்ல. அவர் குடுத்தது மூச்சு. அதை எந்தப் பெட்டிக்குள்ள எழுதுறது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பகிடி விடுகிறேனா என்று பார்த்தாளாக்கும். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்கு இதில இடமில்ல ஐயா."

"இடமில்லாட்டி எழுத வேணாம். கேட்டாப் போதும். வேற ஆருக்குச் சொல்றது? நீங்கதானே விலை கேட்டீங்க."

சொன்னேன். குழாய் வெடித்தது, எல்லாரும் ஓடினது, அவர் சாரனை நனைத்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனது, தவழ்ந்து வந்தது, அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது, குளிர் வேலை என்று நாங்கள் நினைத்தது, அவர் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பேச்சு வரும். வியாபாரத்தில் அரை நாள் நின்று பேசி விலை முடித்தவன் நான். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தோண்டித்தான் எடுத்தேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

சொல்லி முடிகிற நேரம் ஊதல் தொடங்கியது. எனக்குப் பக்கத்துக் கதிரையில்.

நான் திரும்பவில்லை. அறைக்குள் மணம் ஏறியது. பிள்ளை மூக்கைத் தேய்த்தாள், கண்ணைக் கசக்கினாள், பிறகு தலையைத் தூக்கினாள்.

"ஐயா, உங்களுக்கு முட்டு வருத்தமா? தண்ணி கொண்டரட்டா?"

அந்த ஊதல் தனக்கும் கேட்கிறது என்று அதுவரைக்கும் யாரும் என்னிடம் காட்டிக்கொண்டதில்லை.

"எனக்கில்ல மகள்" என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது. என் நெஞ்சைப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊதல் நடந்துகொண்டுதான் இருந்தது. அவளுடைய பார்வை மெல்ல மெல்ல என் பக்கத்துக் கதிரைக்குப் போனது, அங்கேயே நின்றது. கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது. அவள் கையை நீட்டி ரிமோட்டை எடுத்து ஏசியை நிற்பாட்டினாள். குளிர் போகவில்லை.

பிறகு ஊதல் மாறியது. கரகரப்பு இல்லை, விசில் இல்லை. நீண்ட ஒரு மூச்சு, தண்ணீருக்குள் முக்குளித்தவன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை இழுப்பது போல, தடையில்லாமல், தெளிவாக உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய மூச்சை அவர் எடுத்து நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் வாவிக்குள் என்னைத் தூக்கி எறிந்து நீச்சல் பழக்கினாரே, அந்தக் காலத்தில் எடுத்திருக்கலாம்.

அதோடு எல்லாம் அமைதி.

படிவத்தின் அடியில், இதில் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு வரி இருந்தது. அதில் விரலை வைத்தேன்.

"இந்தத் தொகை உண்மையா மகள்?"

"சட்டத்துக்கு உண்மை ஐயா." அவளுடைய குரல் கீழே போய்விட்டது.

"அப்ப பேனையைத் தாங்க."

கையெழுத்து வைத்தேன். எனக்கு அழகான கையெழுத்து. வங்கியில் எல்லாரும் சொல்வார்கள். வாசல் வரைக்கும் அவள் கூட வந்தாள். உள்ளே திரும்பிப் போகாமல், நான் வானில் ஏறுகிற வரைக்கும் வெயிலிலேயே நின்றாள்.

வரி கட்டி முடிந்து இப்போது மாதக் கணக்கு. தெற்கு அறையில் ஒரு சத்தமும் இல்லை. மனிசி மத்தியான நித்திரைக்கு உள்ளே வந்துவிட்டாள். பாயை விரித்துக்கொண்டே ஒருநாள், "இப்ப இல்ல என்ன" என்றாள். ஓம் என்றேன். அவள் பாயில் சரிந்தாள்.

ஆனால் நான் நித்திரை கொள்வதில்லை. அண்ணன் அன்றைக்கு உள்ளே இழுத்த மூச்சை என் காதால் கேட்டேன். அதை அவர் வெளியே விட்டதை நான் இன்னும் கேட்கவில்லை. வீடு அடங்கினதும் சாய்மனைக் கதிரையில் கிடந்து காத்துக்கொண்டிருக்கிறேன். சில நேரம் என் மூச்சும் உள்ளே போய் நின்றுவிடுகிறது. மனிசி தோளில் தட்டினால்தான் விடுகிறேன்.